எந்தப் பால் என்று கேட்கவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டு கேட்டின் முன்னால்தான் இது தொடங்கியது. தினமும் காலையில் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் அன்று கேனைக் கீழே வைத்துவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பேச வாயெடுக்கிறார், முடியவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது. நான் பாத்திரத்தோடு நிற்கிறேன். ஒரு நிமிடம் கழித்துதான் "ஒண்ணுமில்ல மேடம்" என்றார். ஒன்றும் இல்லாதவர் அப்படி நிற்கமாட்டார் என்று எனக்கே தெரிந்தது.

அவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், என்னிடம் தமிழ். இரண்டு மாடு வைத்திருந்தார். விடியற்காலையில் கறந்து, பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு ஊற்றிவிட்டு, அப்படியே தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவார். அங்கே மிஷின் ஆப்பரேட்டர். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. தினமும் அவர் சட்டையிலேயே கம்பெனியின் பெயர் இருந்தது. ஆனால் எனக்கு அவர் பால்காரர், அவ்வளவுதான். அதற்கு மேல் அவரைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் போவேன், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. உலகத்தில் விஞ்ஞானிகளும் டாக்டர்களும் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றைச் சந்தா கட்டினால்தான் படிக்கமுடியும். எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்து வைத்திருக்கும் கட்டுரைகளும் நிறைய உண்டு, ஆனால் அவை நூறு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. இப்போதெல்லாம் நாம் ஒரு கேள்வியைக் கொடுத்தால் தானே தேடி, தானே படித்து, பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்கள் வந்துவிட்டன அல்லவா? அந்த ஏஜென்ட்கள் இந்தத் திறந்த கட்டுரைகளைத் தேடிப் பிடித்து முழுசாகப் படிப்பதற்கு ஒரு கருவி செய்வதுதான் எங்கள் குழுவின் வேலை. அதில் என் பங்கு, கேள்வியைச் சுத்தம் செய்வது. மனிதர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். தேவையில்லாததைக் களைந்து, தேடலுக்கு ஏற்ற நாலு சொல்லாக அதை நறுக்கித் தரவேண்டும். இதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன்.

அதனால் அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வந்ததா, இல்லை நம் கருவியைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆள் கிடைத்தார் என்று தோன்றியதா? இரண்டும்தான். இன்றைக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரைப் பார்த்தாரா என்று கேட்டேன். மூன்று மாதமாகப் பார்க்கிறாராம். சளியைச் சோதித்ததில் காசநோய் இல்லையாம். ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார்கள், கேட்கவில்லையாம். "அண்ணா, உங்களுக்கு என்னவெல்லாம் செய்யுதுன்னு நிதானமா போன்ல பேசி அனுப்புங்க, நான் பார்க்கிறேன்" என்றேன். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. நடுநடுவே இருமலோடு ஒரு நிமிடத்துக்கும் குறைவான பேச்சு.

"மேடம், மூணு மாசமா இருமலு வுடல. சாயங்காலம் ஆனா குளுருது, காச்சலு மாதிரி வருது. திங்கக்கிழமைதான் ஜாஸ்தி. மூடியத் தொறந்து பாலு மாத்தறப்ப ஒரு புளிச்ச வாசன அடிக்கும் பாருங்க, அப்பவே நெஞ்சு கட்டிக்கும். பொங்கலுக்கு நாலு நாளு நல்லாத்தான் இருந்தன். அப்புறம் மறுபடியும் அதே கதை. மாடிப்படி ஏறினா கண்ணு இருட்டுது மேடம்."

இதை நான் என் வழக்கப்படி சுத்தம் செய்தேன். பால் மாற்றும்போது மூச்சு முட்டுகிறது. கறந்த பாலைக் குவளையிலிருந்து கேனுக்கு மாற்றுவார், அது மாட்டுக் கொட்டகையில் நடப்பது. ஆக, மாடு வளர்ப்பவர், கொட்டகையில் மூச்சுத் திணறல், இருமல், மாலையில் காய்ச்சல் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். புளித்த வாசனையை எடுத்துவிட்டேன், பால் என்றால் புளிக்கத்தானே செய்யும்! பொங்கல் விடுமுறை, ஓய்வு எடுத்திருப்பார், அதையும் எடுத்தாயிற்று. திங்கட்கிழமை என்று சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புகூட வந்தது. மாட்டுக்கு ஏது ஞாயிறு, ஏது திங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நான் சிரிக்காமல் ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும், இந்தக் கதையே இல்லை.

ஏஜென்ட் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டது. பூஞ்சை பிடித்த வைக்கோல், தீவனத் தூசி இவற்றால் மாடு வளர்ப்பவர்களுக்கு நுரையீரலில் ஒவ்வாமை வந்து வீங்கிப்போகும் என்று சொல்லும் கட்டுரைகளை அடுக்கியது. இருமல், சாயங்காலக் காய்ச்சல், மூச்சிரைப்பு எல்லாம் அப்படியே பொருந்தின. எனக்குப் புல்லரித்தது. பதிலின் கடைசியில் இரண்டு வரி இருந்தது: இவருக்கு வேறு வேலை உண்டா, அங்கே எதையாவது சுவாசிக்கிறாரா என்ற விவரம் தரப்படவில்லை, அதை உறுதி செய்துகொள்ளாமல் முடிவுக்கு வரவேண்டாம் என்று. அச்செடுக்கும்போது அந்த இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போனது. ஒரே பக்கத்தில் அடங்கட்டும் என்று நான்தான் அதை அழித்தேன்.

மறுநாள் காலையில் அந்தத் தாளையும் ஒரு கட்டுரையின் பிரதியையும் அவர் கையில் கொடுத்தேன். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "அதுவரைக்கும் கொட்டகைப் பக்கமே போகாதீங்க அண்ணா, மாடுதான் காரணம்" என்று உறுதியாகச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் மாதிரி நின்றார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் வீக்கம் இருந்தது. என் தாளைப் படித்துவிட்டு, வீட்டில் மாடு, வைக்கோல் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு என்றதும் அவருக்கும் பொருந்திப்போனது. மாத்திரை எழுதி, பதினைந்து நாள் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார்.

மாட்டை என்ன செய்வது? அவர் மனைவி விடிவதற்கு முன்பே ரோஜாத் தோட்டத்துக்குப் பூ வெட்டப் போகிறவர். பசுமைக்குடில் வேலை, நேரத்துக்குப் போகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். இரண்டு மாட்டையும் ஒற்றை ஆளாகப் பார்க்க அவரால் முடியாது. அந்த மாசி மாதமே எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு இரண்டையும் விற்றுவிட்டார்கள். பெரிய மாடு, கல்யாணத்தின்போது கன்றுக்குட்டியாக அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. சானமாவுப் பக்கம் அவர்கள் ஊர். வண்டியில் ஏற்றும்போது அது ஏறாமல் அடம்பிடித்ததாம். இதை அவரே எனக்குப் போனில் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் "உடம்புதான் அண்ணா முக்கியம்" என்று ஆறுதல் சொன்னேன்.

பதினைந்து நாளில் ஆள் தேறிவிட்டார். இருமல் நின்றது, காய்ச்சல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் மாதாந்தரக் கூட்டத்தில் இதை ஒரு வெற்றிக்கதையாகப் படம் போட்டுக் காட்டினேன். எங்கேயோ பூட்டிக்கிடக்காமல் திறந்திருந்த ஒரு கட்டுரை, எங்கள் கருவி வழியாக, பாகலூர் பக்கத்துப் பால்காரர் ஒருவரின் மூச்சைக் காப்பாற்றியது என்று பேசினேன். கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாக்கெட் பால். அவரை நான் பார்க்கவில்லை, விசாரிக்கவும் இல்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டதே!

வைகாசியில் ஒருநாள் அவர் போன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மூச்சு விடமுடியவில்லை, ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்று அழுகையும் தெலுங்குமாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன்.

வார்டில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் முகமூடி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சையும் கஷ்டப்பட்டு இழுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் போன் செய்துவிட்டு, தோட்டத்தில் லீவு சொல்லப் போன மனைவி இன்னும் திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மாடே இல்லையே, பிறகு எப்படி வந்தது? அக்கம்பக்கத்து வைக்கோலா? என் மூளை அப்போதும் கொட்டகையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் யூனிஃபார்மோடு பார்க்க வந்தார். திண்டுக்கல்காரர், அவர் வயதுதான் இருக்கும். கட்டிலின் ஓரத்தில் நின்று, முகமூடி போட்டிருந்தவரிடம் சத்தமாகப் பேசினார்.

"இன்னைக்கும் பால் மாத்தலண்ணே. நாலு மாசமாச்சு. மேல ஆடை ஆடையா மெதக்குது, நாத்தம் தாங்கல. ஸ்பின்டில சுத்த விட்டா புகையா வந்து மூஞ்சியில அடிக்குது. எனக்கும் இப்ப இருமல் புடிச்சிருச்சு."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். "எந்தப் பாலுங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மிஷின் பாலுங்க மேடம். கூலன்ட். இரும்பு கடையிறப்ப சூடு ஏறாம இருக்க ஊத்துவாங்கல்ல, அது. எண்ணெயத் தண்ணியில விட்டா பால் கணக்கா வெள்ளையா ஆயிரும். எங்க கம்பெனியில எல்லாரும் பால்னுதான் சொல்லுவோம்."

தமிழில் பால், தெலுங்கில் பாலு. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்கூட அந்தக் கம்பெனியில் அப்படித்தான் சொல்வார்களாம். தொட்டியில் இருக்கும் பழைய கூலன்டை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவதற்குப் பெயர் பால் மாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாமல் கிடந்தால் தொட்டியில் கிருமி பெருகி, திங்கட்கிழமை மூடியைத் திறக்கும்போது புளித்த நாற்றம் அடிக்கும். இதை அவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

வராந்தாவில் நின்று, போனில் அந்தப் பழைய குரல் பதிவைத் தேடி எடுத்துக் காதில் வைத்தேன். திங்கக்கிழமைதான் ஜாஸ்தி. மூடியத் தொறந்து பாலு மாத்தறப்ப. பொங்கலுக்கு நாலு நாளு நல்லாத்தான் இருந்தன். பொங்கலுக்கு மாடு எங்கேயும் போகவில்லையே! அவர் கொட்டகையிலேயேதான் இருந்திருப்பார், மாட்டைக் குளிப்பாட்டியிருப்பார், கொம்புக்குச் சாயம் அடித்திருப்பார். போகாதது கம்பெனிக்கு மட்டும்தான். பதினைந்து நாள் ஓய்வில் தேறினாரே, அப்போதும் போகாதது கம்பெனிக்குத்தான். எல்லாவற்றையும் அவர் சொல்லியிருந்தார். ஒரு சொல் விடாமல் சொல்லியிருந்தார். நான் களைந்துபோட்டவை தவிர மிச்சம் இருந்தவற்றில் நோய் இல்லை. களைந்து போட்டதில்தான் இருந்தது.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. மாடு போனபிறகு, காலையில்தான் வேலை இல்லையே என்று அவர் கூடுதல் ஷிப்ட் பார்க்கத் தொடங்கியிருந்ததையும் திண்டுக்கல்காரர் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சுவாசித்ததைப் பன்னிரண்டு மணி நேரம் சுவாசித்திருக்கிறார். அந்த நான்கு மணி நேரத்தை அவருக்குக் கொடுத்தது நான்.

நின்ற இடத்திலேயே போனில் ஏஜென்ட்டுக்குக் கேள்வியைக் கொடுத்தேன். இந்த முறை எதையும் நறுக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதி, பால் என்றால் என்ன என்பதையும் எழுதினேன். உலோகம் கடையும் பட்டறைகளில் இந்தத் திரவத்தின் சாரலைச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் வீங்குவது பற்றிய கட்டுரைகள் வந்து நின்றன. ஒன்றுக்குக்கூடப் பூட்டு இல்லை. எல்லாம் திறந்தே கிடந்தவைதான், அன்றைக்கும் கிடந்தவைதான்.

அன்றைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த அதே டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடித்து வரும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழித்த இரண்டு வரியையும் சொன்னேன். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கம்பெனியில் என்ன வேலை, எதை ஊற்றுவார்கள், எத்தனை பேருக்கு இருமல் என்று எல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். கடைசியில், "நானும் கேட்டிருக்கணும். உங்க பேப்பரப் படிச்சதுக்கு அப்புறம் வேற எதுவும் தோணல" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திரும்ப வார்டுக்கு வந்தபோது அவர் மனைவி வந்திருந்தார். கையெல்லாம் முள் கீறிய கோடுகள். இவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டுவிடலாம், டாக்டரே வேறு காரணம் கண்டுபிடித்ததாக இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டிலில் அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. மாடு காரணம் இல்லை, கம்பெனி பால்தான் காரணம், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. திண்டுக்கல்காரர்தான் தெலுங்கும் தமிழும் கலந்து மறுபடி சொன்னார். விளங்கியதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வண்டியில ஏத்தறப்ப திரும்பித் திரும்பிப் பாத்துச்சுக்கா. நானு அத வைஞ்சேன். என் ஊட்டுக்காரர இப்டி பண்ணிட்டியேன்னு, முதுகுல ரெண்டு அடிகூடப் போட்டேன். அதுக்கு வாயி இருந்தா சொல்லியிருக்கும், நானு இல்லன்னு."

பிறகு தெலுங்கில் ஏதோ சொல்லி அழுதார். அதில் எனக்குப் புரிந்தது "பாலு" என்ற ஒரு சொல் மட்டும்தான். அவர் அழ அழ நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெளியில் வந்து, ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அதன்பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து மாறவில்லை, ஆனால் கம்பெனிக்குப் போவது நின்றது. அதுதான் மருந்து. டாக்டர் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்காரரும் இன்னும் சிலரும் முதலாளியைப் போய்ப் பார்த்தார்கள். முதலில் முறைத்தார், பிறகு தொட்டிகளைக் கழுவி, மிஷின்களுக்கு மூடி போட்டு, சாரலை உறிஞ்ச விசிறி வைத்தார். திண்டுக்கல்காரருக்கும் இன்னொருவருக்கும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் முழுசாகச் சரியாகிவிட்டது. நம்மவருக்கு அப்படி ஆகவில்லை. நுரையீரலில் ஒரு பகுதி தழும்பாகிவிட்டது, அது இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று, நான்கு மாதம் முன்னாலேயே தெரிந்திருந்தால் திரும்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றார்.

மாட்டைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நான் அலைந்தேன். வாங்கியவர் அதற்குள் வேறு சந்தையில் கைமாற்றிவிட்டிருந்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு மாடாவது வாங்கலாமே என்று நான் ஆரம்பித்தபோது அந்தப் பெண் "இப்ப வேணாங்கா" என்று மட்டும் சொன்னார்.

ஆபீஸ் கூட்டத்தில் என் வெற்றிக்கதைக்குக் கை தட்டியவர்கள் முன்னாலேயே நின்று, நடந்ததைச் சொன்னேன். கருவி தப்பு செய்யவில்லை, அது கேட்கச் சொன்னதை நான் அழித்தேன் என்றேன். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் கருவியில், ஒருவர் சொன்ன சொல் அப்படியே, நறுக்கிய கேள்விக்குப் பக்கத்தில் கூடவே போகும். ஏஜென்ட் எழுப்பும் சந்தேகத்தை அச்சில் யாரும் அழிக்கமுடியாது. தேடல் மெதுவாகிறது என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. ரேஷன் கடைவரை நடந்தாராம், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து. மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வராத மன்னிப்பை அன்றுதான் கேட்டேன். என்னை நம்பி அவர் மோசம் போனார் என்றேன்.

பால்காரர் இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினார். பேச்சு நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது.

"எனக்குத் தெரியும் மேடம். நீங்க அந்தப் பேப்பரு குடுத்தப்பவே தோணுச்சு. லீவுல மாட்டுக்கூடதான இருந்தேன், நல்லாத்தான இருந்தேன்னு. கேக்கணும்னு நெனச்சேன். ஆனா இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்குது, வெளிநாட்டு டாக்டருங்க எழுதினதுன்னு சொல்றீங்க. நானு பத்தாவது ஃபெயிலு. நமக்கு இன்னா தெரியும்னு வாய மூடிக்கினேன்."

கேட்டின் முன்னால் அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வந்தது அதுதான். அந்தச் சந்தேகம் நுரையீரலுக்குள்ளிருந்து வந்த சந்தேகம், எந்தக் கட்டுரையிலும் இல்லாதது. ஒரு வார்த்தை, "என்ன அண்ணா, ஏதாவது சொல்லணுமா?" என்று நான் கேட்டிருந்தால் கொட்டியிருப்பார். நான் உள்ளே போய் அடுத்த மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

உலகத்துப் படிப்பையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிடுவதுதான் என் தொழில் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தன் நோய்க்கு மாடு காரணமில்லை என்று உள்ளுக்குள் தெரிந்திருந்த ஒரு மனிதரின் வாயை அதே படிப்பின் ஒரு தாளைக் கொண்டு நான் மூடினேன் என்பதும், அதற்கு விலையாக அவர் இனி வாழ்நாள் முழுவதும் பாதி மூச்சில் நடக்கவேண்டும் என்பதும் என்னை விட்டுப் போகவில்லை, போகக்கூடாது என்றும் நினைக்கிறேன்.